நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்

மே 21
ஜீப் வழியில் இரண்டு முறை நின்றது. தோல்கோர் அக்காவின் கூடாரத்துக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. "நாயைப் பிடிங்க!" என்று கத்தினேன். பிடித்துக்கொண்டார்.

ராஜாளிக் கூட்டில் இந்த வருடம் மூன்று குஞ்சுகள். அக்கா ஆடு மேய்க்கும் சமவெளியில் சிதறிக் கிடக்கும் உயரமான பாறைகளில் உலான் பாறையும் ஒன்று. கூடு அதில்தான். பெயரைச் சொன்னதும் அக்கா பதறிவிட்டார். "ஷ்! மலைக்கு எதிர்ல அதோட பேரைச் சொல்லாதே. பெரியவர்னு சொல்லு. காதுல விழும்."

"எனக்குப் பேரே வேண்டாம் அக்கா. அட்சரேகை, தீர்க்கரேகைன்னு ஆறு தசமத்துக்கு இடம் குறிச்சிருக்கேன்."

"அந்தக் கணக்கை யார்கிட்ட குடுப்பே?"

இணையத்தில் நாங்கள் போடப்போகும் கூடுகளின் வரைபடம் பற்றிச் சொன்னேன். சரியான இடம் யாருக்கும் தெரியாது, இடத்தை மறைக்கும் கணினி நிரலை எழுதியது நான் என்றேன். அக்கா உப்புத் தேநீரை ஊற்றிக்கொண்டே, "நீ சொல்றே, நம்புறேன். குஞ்சு பறக்கிற வரைக்கும் அதுங்க உன் பொறுப்பு" என்றார்.

சரி என்றேன். இதற்குப் போய் இவ்வளவு பீடிகையா?

மே 24
உலான்பாத்தர், பறவை ஆய்வு அலுவலகம். அனுஜினோடு சண்டை. பாறையில் இறங்கிக் குஞ்சுகளுக்கு வளையம் மாட்டுவது அவள் வேலை. என் வேலையில் மூக்கை நுழைப்பது உபதொழில்.

"எல்லாரும் பாக்கற மாதிரி வரைபடம் எதுக்குடா?"

"சுரங்கத்துக்குச் சாலை போடப்போறான். அங்கே கூடு இருக்குன்னு தெரியலேன்னா எவன் சாலையை வளைப்பான்?"

"தெரிஞ்சா எவன் கயிறு கட்டி இறங்குவான்னு யோசிச்சியா? வெளிநாட்டுல வேட்டைக்குப் பழக்க இந்தக் குஞ்சுக்கு அலையறாங்க."

அதற்குத்தான் நிரல். உண்மையான இடத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் எங்கேயாவது ஒரு புள்ளியை வைக்கும். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வேறு புள்ளி. ஒருவனாலும் பிடிக்க முடியாது. இதை விளக்கினால் அவள் கொட்டாவி விடுகிறாள்.

மே 27
வரைபடம் திறந்தாயிற்று. ஒரு பிழைகூட இல்லை.

ஜூன் 13
தோல்கோர் அக்கா தொலைபேசியில். "கூடு காலி." அவ்வளவுதான் சொன்னார். வைத்துவிட்டார்.

ஜூன் 16
பாறை உச்சியில் இரும்பு முளை. விளிம்பில் கயிறு உரசிய தடம். தாய்ப்பறவை இன்னும் மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. அனுஜின் முளையைப் படம் எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஒன்பதாம் தேதி ஜீப்பில் மூன்று பேர் வந்து அக்காவின் கூடாரத்தில் தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"வழியில வந்தவனுக்கு டீ ஊத்தறதுக்கு முன்னாடி யாருன்னு கேக்கறதா? உங்க ஊர்ல அப்படியா?"

வெளியே கன்சோரிக் — அக்காவின் கொழுந்தன் — மோட்டார்சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். புத்தம் புதுசு. கூடு இருக்கும் இடம் எங்களைத் தவிர இந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும். வேறு என்ன விளக்கம் இருக்க முடியும்?

போலீசுக்குக் கொடுத்த அறிக்கையில் அவன் பெயரை எழுதினேன்.

ஜூன் 20
கன்சோரிக்கைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது.

"நீ பாத்தியா?" என்றாள் அனுஜின்.

"தர்க்கம்னு ஒண்ணு இருக்கு."

"தர்க்கமா, மோட்டார்சைக்கிளா?"

ஜூன் 23
வேறு எதற்கோ சர்வர் பதிவேட்டைப் பார்த்தேன். ஜூன் முதல் வாரம். ஒரே கணினி முகவரி. அந்தக் கூட்டின் பக்கத்தை நானூற்றுப் பன்னிரண்டு முறை திறந்திருக்கிறது.

எதற்கு ஒருவன் — உடனே புரிந்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் வேறு புள்ளி. எல்லாம் கூட்டைச் சுற்றியே. அத்தனையையும் கூட்டிச் சராசரி எடுத்தால்? பள்ளிக்கூடக் கணக்குடா! ஒரே பொய்ப் புள்ளியை நிரந்தரமாக வைத்திருந்தால் இது நடந்திருக்காது. நான்தான் புத்திசாலி ஆயிற்றே.

நானே செய்து பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு முறை. சராசரி, கூட்டிலிருந்து இருநூற்று எண்பது மீட்டரில் விழுந்தது. அந்தச் சமவெளியில் இருநூற்று எண்பது மீட்டருக்குள் ஒரே ஒரு பாறைதான் உண்டு.

கன்சோரிக் இன்னும் உள்ளே இருக்கிறான்.

ஜூன் 24
இயக்குநரிடம் சொன்னேன். "சத்தமில்லாம சரிபண்ணிடு. வெளியே தெரிஞ்சா இனி எந்த மேய்ப்பனும் நமக்குக் கூட்டைக் காட்ட மாட்டான். அந்த ஆளை எப்படியும் விட்டுடுவாங்க." எப்படியும் என்றால் எப்போது? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஜூன் 25
இன்னும் போலீசிடமோ அக்காவிடமோ சொல்லவில்லை.

ஜூன் 27
பதிவேட்டை அச்செடுத்துப் போலீசில் கொடுத்தேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதிகாரிக்குச் சராசரியை விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. மாலையில் விட்டுவிடுவோம் என்றார்கள்.

அங்கிருந்து நேராக அக்காவிடம். "நாயைப் பிடிங்க!" கத்தினேன். யாரும் வரவில்லை. ஜீப்புக்குள் ஒரு மணி நேரம், கதவை நாய் பிராண்டிக்கொண்டிருந்தது. பிறகு அக்கா வந்தார். நாயைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் நின்றார். கண்ணாடியை இறக்கி எல்லாவற்றையும் சொன்னேன். சராசரியை விளக்கவில்லை. என்னால்தான் என்றேன்.

"சமவெளி பூரா அவனைத் திருடன்னு பேசுது. பொண்ணு பாத்திருந்தோம், அவங்களும் வேண்டாம்னுட்டாங்க. அதையும் உன் கணக்குப் பெட்டியில போட்டுச் சரிபண்ணு."

மாட்டை நல்ல விலைக்கு விற்று வண்டி வாங்கினானாம். நான் கேட்டிருக்கலாம்.

கூடாரத்து வாசல் வரை போய்த் தேநீர் இல்லாமல் திரும்பியது வாழ்க்கையில் முதல் முறை.

ஜூலை 8
வரைபடம் மூடப்பட்டது. நிரல் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டு, அனுஜினுக்குக் கயிறு தூக்க அனுப்புகிறார்கள். "கயிறாவது ஒரே இடத்துல நிக்கும்" என்றாள்.

சுரங்கச் சாலை கிழக்கே மாறிவிட்டது. கூட்டுக்காக இல்லை. அங்கே மண் கெட்டியாம்.

குஞ்சுகள் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மே 19
ஒரு வருடம் கழித்து மறுபடி அந்தச் சமவெளி. கணக்கெடுப்பு. வர மனமில்லை. அனுஜின் தள்ளிவிட்டாள்.

"நாயைப் பிடிங்க!" மெதுவாகத்தான் கத்தினேன். கன்சோரிக் வந்தான். என்னைப் பார்த்தான். நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அக்கா தேநீர் ஊற்றினார். படிவத்தை எடுத்தேன். இந்த வருடம் ராஜாளி ஏதாவது?

"ஒண்ணும் வரல."

அப்போது வெளியே, பெரியவர் பக்கத்திலிருந்து, அந்தக் குரல். கூர்மையாக, விட்டுவிட்டு, ஏழெட்டு முறை. என் கணினியில் இதே குரல் முந்நூறு பதிவுகள் கிடக்கின்றன. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காக்கா" என்றார்.

படிவத்தில் எழுதினேன்: காகம் — ஒன்று.

அக்கா என் கிண்ணத்தை வாங்கி மறுபடி நிரப்பினார்.