எனக்குத் தெரியாமல் போன உங்கள் வாக்கியம்

இன்று காலையும் உங்கள் லேப்டாப்பைத் திறந்தேன். கறுப்புத் திரையின் நடுவில் அதே சின்னப் பெட்டி வந்து கடவுச்சொல் கேட்டது. நாம் ஹனிமூன் போன ஊர்ப் பெயரோடு நம் பெண்ணின் பெயரைச் சேர்த்து ஒரு வாக்கியமாக அடித்தேன். தவறு என்றது. மூன்று தடவை பார்த்துவிட்டு மூடி வைத்தேன். நீங்கள் போன பிறகு தினமும் குளித்துவிட்டு வந்ததும் இதுதான் என் வேலை.

அந்த மழைக்கால ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பவானிபூர் வீட்டுக் கூடத்தில் மூன்று பென் டிரைவை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பழைய சிஸ்டத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்காகத் தயாரிக்கும் தமிழ்ப் பாடமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்து, நான் அழாத குறை. "மூணு லினக்ஸ் இருக்கு, எல்லாம் இலவச சிஸ்டம். எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், பென் டிரைவிலேருந்தே ஓட்டிப் பார்த்துக்கலாம். எது பிடிக்குதோ அதைச் சொல்லு" என்றீர்கள். முதலாவது நம் பழைய லேப்டாப்பில் நகரவே இல்லை. இரண்டாவதில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவதில் மெனுவெல்லாம் தமிழில் வந்தது. கோப்பு, வெட்டு, ஒட்டு என்று வாசித்துக்கொண்டே போய், "ஒட்டுன்னா பசை வேணாமா?" என்று கேட்டுச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "ஊர் பேர் தெரியாத யாரோ உட்கார்ந்து உனக்காக ஒவ்வொரு சொல்லா தமிழ்ல எழுதி வெச்சிருக்காங்க" என்றீர்கள். அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இன்ஸ்டால் பண்ணும்போது வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்கை, கடவுச்சொல் போட்டுப் பூட்டவா என்று அது கேட்டது. தினமும் கிடர்பூர் ஆபீஸுக்கு பஸ்ஸில் போகிறீர்கள், பை தொலைந்தால் என்ன செய்வது என்று சொல்லி அந்தக் கட்டத்தில் டிக் போட்டவள் நான்தான். "ஒரு வார்த்தையா வெச்சா கண்டுபிடிச்சிடுவாங்க. வாக்கியமா வெச்சா நமக்கும் மறக்காது" என்று சொல்லிக்கொண்டே எதையோ நீளமாக அடித்தீர்கள். "சொல்றேன், எழுதி வெச்சுக்கோ" என்றபோது, "உங்களுக்குத் தெரிஞ்சா போதாதா? எப்பவும் நீங்கதானே திறந்து தருவீங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்கு நான்கு வருஷம் கழித்து உங்கள் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையை எடுத்தாக வேண்டும், பேச்சு போய்விடும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் பேசிப் பதிவு செய்தீர்கள். முனகலாகக் கேட்டது. கதவில் காதை வைத்திருக்கலாம். கேட்கக் கூடாது என்று நினைத்து வேண்டுமென்றே மிக்ஸியைப் போட்டேன். வெளியே வந்தபோது உங்கள் கண் சிவந்திருந்தது. "அவளுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. ஆபரேஷன் முடிஞ்சு வந்து நானே போட்டுக் காட்டறேன்" என்றீர்கள்.

ஆபரேஷன் முடிந்தது. நீங்கள் கண் விழிக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் லேப்டாப்பை நம் ஊர் சாந்தினி சௌக்கில் ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். உங்களுக்குப் பழக்கமானவர், என்னை எப்போதும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவாரே, அவர்தான். "இது எல்லாருக்கும் திறந்து வெச்ச சாஃப்ட்வேர்னு அவர் சொல்வாரே, இதை மட்டும் ஏன் திறக்க முடியலை?" என்று கேட்டேன். "பௌதி, பூட்டு எப்படிச் செஞ்சிருக்குன்னு உலகத்துல யார் வேணும்னாலும் பார்க்கலாம். சாவி தாதாகிட்ட, உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான் இருந்தது" என்று உடைந்த ஹிந்தியில் சொன்னார். காசு வாங்க மாட்டேன் என்று லேப்டாப்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

நம் பெண் இணையத்தில் லினக்ஸ்காரர்கள் கூடும் மன்றம் ஒன்றில் எழுதிப் போட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் எங்கெங்கிருந்தோ பதில் வந்தது. விசைப்பலகை எந்த மொழியில் இருந்தது என்று ஒருவர் கேட்டார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றி முயன்று பார்க்கச் சொன்னார் இன்னொருவர். அப்பாவின் பேக்கப் ஏதாவது இருக்கிறதா என்றார் மற்றொருவர். இருந்தது, அதையும் நீங்கள் பூட்டித்தான் வைத்திருந்தீர்கள். அத்தனை பேரும் அன்பாக எழுதினார்கள். அத்தனை பேருக்கும் வழி தெரியவில்லை. அவள் திரையை மடக்கிவிட்டு, "ஹபே நா, மா. நடக்காது" என்று சொல்லி என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

எத்தனை வாக்கியம் அடித்துப் பார்த்துவிட்டேன் தெரியுமா? உங்கள் அம்மா சொல்வது, நீங்கள் ஆபீஸ் மேனேஜரைத் திட்டுவது, என்னைக் கோபப்படுத்த வேண்டுமென்றே சொல்வது. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நீங்கள் தினமும் காலையில் மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடித்த ஒரு வரி எனக்குத் தெரியவில்லை. அது என்னைப் பற்றியதா என்றுகூடத் தெரியவில்லை.

போன மாதம் நம் பெண்ணின் லேப்டாப் கெட்டுப்போனது. காலேஜ் வேலைக்கு உங்களுடையது வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, சுற்றிச் சுற்றி வந்தாள். நானே இன்று மத்தியானம் சாந்தினி சௌக்குக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் உங்கள் வட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். தமிழ் மெனு வருகிற அதையே போடச் சொன்னேன். கழற்றியதை ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

திரும்பும்போது மெட்ரோவில் பையை ஸ்கேன் செய்தவர் நிறுத்தினார். துணியைப் பிரித்துக் காட்டச் சொன்னார்.

"என்ன இது?"

"ஹார்ட் டிஸ்க்."

"உள்ளே என்ன இருக்கு?"

"என் வீட்டுக்காரர் பேசினது" என்றேன். பின்னால் கூட்டம் நெருக்கியது. அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், "என்ன பேசினார்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் துணியைத் தானே மறுபடி சுற்றி என் பைக்குள் வைத்தார். போகச் சொன்னார். வண்டி வந்துகொண்டிருந்தது, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏறினேன்.