தண்டை உடைக்காதே

என் ஒரே அக்காவின் ஒரே மகளுக்கு,

ஏழு கடல் தாண்டிய வீரனும் இறங்க அஞ்சும் நம் தோட்டத்துக் குளத்தில் இன்று காலை இறங்கினேன். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் திமிங்கிலம் இல்லையென்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

இறங்கச் சொன்னது உன் அம்மா. "அவ வெச்ச தாமரை இங்க எதுக்கு? வேரோட பிடுங்கி எறிடா" என்றாள். நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து இந்த வீட்டில் உன் பெயர் 'அவ'தான்.

ஒரு தண்டைப் பிடித்தேன். சமையலறை ஜன்னல் பெயர்ந்து விழும்படி ஒரு குரல்.

"தண்டை உடைக்காதடா தடியா! தண்ணி உள்ள போனா கிழங்கு அழுகிடும்!"

"பிடுங்கவா, வேண்டாமா அக்கா?"

"பழுத்த இலையை மட்டும் எடு. தண்ணிக்கு மேலயே வெட்டு."

இதையெல்லாம் எப்போது படித்தாள்? தலை பம்பரமாய்ச் சுற்றுகிறது.

இதை எழுதும்போது பின்னால் வந்து நின்றாள். யாருக்கு என்று கேட்கவில்லை.

"மொட்டு விட்டிருக்கு. விரிஞ்சா மூணு நாள்தான் நிக்கும். யாருக்கோ எழுதறியே, அவங்க ரெண்டு பேருக்கும் சொல்லு."

சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கினால், பூ உதிர்வதற்குள் நேரில் வந்து விளக்குங்கள்.

சேறு காயாத காலோடு,
உன் தாய்மாமன்