ஆட்டுக்கொட்டிலில் ஓர் ஆண் செடி

கெத்தாமா மலை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மைமூனாவுக்கு, உன் கணவன் நான், அல்லால், சொல்லச் சொல்ல எழுதப்படுவது. அல்லாஹ் உன் மூச்சை லேசாக்கட்டும். எழுதுகிறவர் பள்ளிக்கூட மாஸ்டர் இத்ரிஸ். ஆட்டுக்கொட்டிலின் ஜன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளி நிற்கிறார். ஆண் பூ இன்னும் வெடிக்கவில்லை என்று சொன்னாலும், பூந்தூள் சட்டையில் ஒட்டித் தன் காட்டுக்கு வந்துவிடும் என்று கிட்டே வரமாட்டேன் என்கிறார்.

மகளின் கடிதம் வந்தது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சைத் திறக்கப் போகிறார்களாம். "உங்கப்பாவுக்குச் செடிதான் பொண்டாட்டி, அவரு எங்க வரப்போறாரு" என்று நீ சொன்னதையும் விடாமல் எழுதியிருக்கிறாள்.

நான் வர முடியாத காரணம் உனக்குத் தெரியும். கஞ்சா பயிரிட்டதற்காகப் பன்னிரண்டு வருஷமாக என் பெயர் போலீஸ் தேடும் தாளில் இருக்கிறது. மலையடிவாரப் பாலத்தைத் தாண்டினால் பிடித்துவிடுவார்கள். இப்போது இந்தக் கொட்டிலை விட்டும் நகர முடியவில்லை. உன் தம்பி ஹம்மாதி தினமும் வாசலில் வந்து கத்துகிறான். "மச்சான், உங்க ஆம்பளச் செடி ஒரு தும்மல் தும்முனா போதும், எங்க காட்டுப் பொம்பளச் செடி பூரா பிசின் இல்லாம வெறும் விதையா நிக்கும். நீங்க அந்தப் பக்கம் திரும்புனா வேரோட புடுங்கிருவேன்" என்கிறான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. ஊரே ஆண் செடியைப் பிடுங்கி எறியும்போது நான் ஒருவன்தான் வளர்க்கிறேன்.

ஒன்பது வருஷத்துச் செடிகளும் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் இருக்கின்றன. நம் நாட்டுக் கஞ்சா தண்ணீர் கேட்காது, ஆனால் பிசின் குறைவு. வெளிநாட்டு விதையில் பிசின் கையில் ஒட்டும், ஆனால் ஊற்றையே குடித்துவிடும். தெற்குச் சரிவுச் செடி பனிமூட்டத்துக்கு முன்பே முற்றும். மூன்று குணமும் ஒரே செடியில் வர வேண்டும் என்று கலந்தால் ஒன்று சேரும், இன்னொன்று நழுவும். போன வருஷ விதையில் எலி மிச்சம் வைத்தது இரண்டு. ஓர் ஆண், ஒரு பெண். இரண்டுமே தண்ணீரில்லாமல் நின்றன, சீக்கிரம் மொட்டு வைத்தன. தண்டைக் கசக்கினால் விரல் ஒட்டுகிறது. இன்னும் நான்கு நாளில் ஆண் பூ வெடித்துப் பெண் செடியில் விதை பிடிக்கும். நான்கே நாள்.

உன் அம்மா இறந்த அன்று, அறுவடை என்று நான் வராமல் இருந்துவிட்டேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதுவரை உள்ளதெல்லாம் இன்று விடிகாலையில் சொன்னது. அதன் பிறகு ஆண் செடியை நானே வெட்டி அடுப்பில் போட்டேன். ஹம்மாதி அதை வாசலிலிருந்து பார்த்தான். பிறகு, "குளிச்சிட்டு வாங்க மச்சான், வண்டிய எடுக்குறேன்" என்றான். நாளை விடியும் முன் பாலத்தைத் தாண்டப் பார்ப்போம். மாஸ்டர் இன்றைய பஸ்ஸிலேயே இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறார்.

மைமூனா, வியாழக்கிழமை உன்னை உள்ளே கொண்டுபோகும் வரை நான் வரவில்லை என்றால், வழியில் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள். செடிக்காக நின்றுவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

கண் விழித்து நீ நூறு வருஷம் என்னைத் திட்ட வேண்டும் என்று துஆ செய்யும்,
அல்லால்
(பெருவிரல் ரேகை)