குட்டி என்று எழுதியவை

பென்டில்டன், மேற்கு வர்ஜீனியா
ஏப்ரல் 9, 2013

அன்புள்ள டெல்பர்ட்,

நலமா? இரண்டு வருடம் கழித்து உன் மனைவி எழுதுகிறேன், அதுவும் ஒரு காரியமாகத்தான்.

நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டு வில்மாவோடு, வீட்டுக்குப் பின்னால் கற்சரிவில் காட்டு வெங்காயம் பறிக்கப் போனேன். உட்காரலாமென்று ஒரு பலகைக்கல்லை நகர்த்தினால், அடியில் ஒரு வௌவால். உயிரோடு! என் கட்டைவிரல் அளவுதான். முகத்தில் கறுப்பு முகமூடி. "இத்தனூண்டு சனியனுக்காடி அழுவுற?" என்றாள் வில்மா. ஆமாம், அழுதேன்.

சிறுபாத வௌவால் என்றே நினைக்கிறேன். அரிய உயிரினம் இருக்கும் இடத்தைப் பதிவுசெய்யும் படிவத்தில், வௌவால் பிடித்துப் பழகிய இருவர் கையெழுத்து வேண்டும். இந்த வட்டாரத்தில் நம் இருவரைத் தவிர யார் இருக்கிறார்கள்? பதிவாகாவிட்டால் ஜூனில் அந்தக் கல்லையெல்லாம் சாலை போட அள்ளிவிடுவார்கள். வருவாயா?

லெனோரா

டேட்டன், ஒஹாயோ
ஏப்ரல் 16

லெனோரா,

கடிதம் கண்டேன். டயர் கிடங்கில் வேலை, முதுகுவலி, மற்றபடி சுகம்.

நீ பார்த்தது சாதாரணப் பழுப்பு வௌவாலின் போன வருடத்துக் குட்டி. குகை வாசலில், தரைக் கல்லிடுக்கில் கிடக்குமே, அதேதான். பதினோரு பனிக்காலம் வௌவால் கணக்கெழுதிய நம் நோட்டில் "குட்டி, குட்டி" என்று எழுதவில்லையா? ஆசை உன் கண்ணை மறைக்கிறது.

எட்டாயிரம் வௌவால் எண்ணிய குகை அது. மூக்கில் பூஞ்சை பூக்கும் அந்த வெள்ளை மூக்கு நோய் வந்து, செத்ததை வாளியில் அள்ளினோம். எண்ண ஒன்றுமில்லாத ஊரில் எனக்கென்ன வேலை என்று சொல்லித்தானே கிளம்பினேன்? இன்றைக்கும் அதேதான். கையெழுத்து போடமாட்டேன்.

டெல்பர்ட்

பென்டில்டன்
ஏப்ரல் 22

டெல்பர்ட்,

கோபம் கோபமாக வந்தது. கையுறையும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு மறுபடி சரிவுக்குப் போனேன்.

பாதம் ஆறரை மில்லிமீட்டர்; பழுப்பு வௌவாலுக்கு ஒன்பது, பத்து இருக்கும். எடை ஐந்து கிராம்கூட இல்லை. சிறகை விரித்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். குட்டியென்றால் விரல் மூட்டில் வெளிச்சம் ஊடுருவும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நீதான். ஊடுருவவில்லை. மூட்டுகள் முற்றி உருண்டிருந்தன. முழுதாக வளர்ந்த பெண், டெல்பர்ட்! அந்தச் சவ்வுக்குள் ரத்தம் ஓடுவது தெரிந்தது. மூச்சு விடவே பயந்துபோய் நின்றேன்.

ஜூனில் பிறப்பது ஆகஸ்டில் தாயளவு ஆகிவிடும். பனிக்காலத்தில் ஏது குட்டி? நாம் குட்டி என்று எழுதியதெல்லாம் வளர்ந்த சிறுபாத வௌவால்கள்தான். பதினோரு வருடம் இது நமக்கு உறைக்கவில்லை. உன்னை மட்டும் சொல்லவில்லை, பாதி நோட்டு என் கையெழுத்து. குகைக்குள்ளே ஈரத்தில் தூங்கியவைதான் செத்தன. இவை வாசலின் வறண்ட குளிரில், நம் கையும் காலும் மரத்துப்போகும் இடத்தில், பிழைத்துக் கிடந்திருக்கின்றன. நாம் இவற்றைத் தாண்டித் தவழ்ந்துபோய்ச் செத்தவற்றை எண்ணினோம்.

வருவதும் வராததும் உன் இஷ்டம்.

லெனோரா

ஏப்ரல் 28, ஞாயிறு

அன்புள்ள லெனோரா,

காலையிலேயே வந்துவிட்டேன். நீ தேவாலயம் போயிருந்தாய். நேரே சரிவுக்குப் போய்க் கல்லைப் புரட்ட ஆரம்பித்தேன். வில்மா வேலிக்கு அந்தப்பக்கமிருந்து, "அட, நீ இன்னும் சாவலியா? வந்ததும் வராததுமா கல்லோட என்ன கொஞ்சல்?" என்று கத்தினாள்.

நாற்பதாவது கல்லுக்கடியில் ஒன்று இருந்தது. கையில் எடுத்தேன். என் உள்ளங்கையில் பாதிகூட நிறையாத அது, வாயைப் பிளந்து என்னை மிரட்டியது. இத்தனை பெரிய சாவுக்குப் பிறகும் இதற்கு இவ்வளவு தைரியமா?

உன் கடிதம் வந்த ராத்திரியே, என்னிடமிருந்த பழைய நோட்டுகளைப் புரட்டினேன். "குட்டி" என்று நாம் எழுதியவை இருநூற்றுப் பதினேழு. எல்லாம் போய்விட்டது என்று சொல்லிவிட்டு உன்னையும் விட்டுப் போனேன். நீ இங்கேதான் இருந்தாய். என்னை மன்னித்துவிடு.

நீ அனுப்பிய படிவத்தில் கையெழுத்து போட்டு இதோடு கதவிடுக்கில் செருகுகிறேன். நீ என்ன பதில் சொன்னாலும் அந்தக் கையெழுத்து மாறாது.

கொட்டகைக்குப் பின்னால் வண்டியில் இருக்கிறேன். நீயாகக் கூப்பிடாமல் உள்ளே வர எனக்கு முகமில்லை. கூப்பிடாவிட்டால் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுகிறேன்.

டெல்பர்ட்