பனேதர் ஒன்று இருப்பில் உள்ளது

ஜாம்நகர்,
உத்தராயணம் கழிந்து பத்தாம் நாள்.

அன்பு மகள் தோரலுக்கு, பப்பாவின் ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்கு எழுந்து வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஸ்ரீநாத்ஜி புண்ணியத்தில் அந்தப் பனிக்காட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் இருப்பாள், அவள் எதிரில் இதைச் சொல்ல என்னால் முடியாது. கிரீட் மாமா உன் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்த பனேதர் புடவை இப்போது நம் வீட்டில் இல்லை பேட்டா. அது எப்படிப் போயிற்று என்பதை யாரோ சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்கு முன் நம் கடையின் சரக்குப் பட்டியலை நீ அங்கிருந்தபடியே அந்த ஏஐ உதவியாளருடன் இணைத்துக் கொடுத்தாய் அல்லவா, முதல் மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவதற்குள் அது பத்துப் பேருக்கு எழுதியது, குஜராத்தியில் கேட்டால் குஜராத்தி, இங்கிலீஷில் கேட்டால் இங்கிலீஷ். எதிர்க்கடை சமன்பாய் வயிற்றெரிச்சல் தாங்காமல், என்ன நவீன்பாய், உங்க புது ஆளு டீயும் கேக்காதாம், லீவும் கேக்காதாம், இனிமே நீங்க எதுக்குக் கடைக்கு வர்றீங்க, வீட்ல படுத்துக்க வேண்டியதுதானே என்று தெருவே கேட்கும்படி சொன்னார். நானும் பெருமையாகச் சிரித்தேன். அன்றைக்கு நீ போனில், பட்டியல்ல இருப்பு எல்லாம் சரியாப் போட்டிருக்கீங்களா பப்பா, அது அதைப் பாத்துத்தான் பேசும் என்று இரண்டு முறை கேட்டாய். எனக்கே சொல்லித் தர்றியா என்றேன். புத்தி கெட்டவன்.

நம் கடையில் சைபர் எழுதும் வழக்கம் கிடையாது என்று உனக்குத் தெரியும். புதுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை போட்டு இருப்பு எழுதும்போது, தீர்ந்துபோன சரக்குக்கு நேரேயும் ஒன்று என்றுதான் எழுதுவோம், லட்சுமி வருகிற இடத்தில் வெறும் வட்டம் கண்ணில் படக்கூடாது. அந்த ஒன்றைப் பார்த்தால் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது கடையில் கூட்டிப் பெருக்குகிறவளுக்குக்கூடத் தெரியும். எழுந்துபோய்ப் பார்க்க அந்த உதவியாளருக்குக் கால் இல்லை என்பது எனக்குத்தான் உறைக்கவில்லை. அறுபத்திரண்டு சரக்குக்கு நேரே ஒன்று போட்டிருந்தேன். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய யானைக்கரைப் பனேதரும் அதில் ஒன்று, கடையில் இருந்த கடைசிப் புடவையைத்தான் உன் மாமா ஐந்து வருடத்துக்கு முன் உனக்கென்று எடுத்துக்கொண்டாரே. எழுதும்போது உன் புடவை என் மனதில் இருந்ததோ என்னவோ, எனக்கே தெரியவில்லை.

பாவ்நகரில் ஜயந்திபாய் என்று ஒரு பள்ளி வாத்தியார். அவருடைய தங்கை இறந்து வருடங்கள் ஆகின்றன, தங்கையின் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம், நேற்று முன்தினம் முகூர்த்தம். தாய் இல்லாத பெண்ணுக்கு மாமன் தட்டில் வைத்துக் கொடுக்கும் பனேதராவது குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று நம் கடையின் இணையப் பக்கத்தில் அந்த யானைக்கரையைப் பார்த்து, இருக்கிறதா என்று உதவியாளரிடம் கேட்டிருக்கிறார், ஒன்று இருக்கிறது, உங்களுக்கே என்று அது பதில் சொல்லியிருக்கிறது. ஆர்டரைப் பார்த்ததும் சாயக்காரரிடம் ஓடினேன், ஒன்றரை மாதம் ஆகும் என்று கையை விரித்தார். ஏழு கடை ஏறி இறங்கினேன், அச்சடித்தது மலைபோல் கிடக்கிறது, கைவேலை ஒன்றுகூட இல்லை. கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு வெட்கத்தை விட்டு அவருக்குப் போன் போட்டு, புடவை இல்லை, மன்னியுங்கள் என்றேன். அவர் போனை வைத்ததும் மறுபடி அந்த உதவியாளரிடம் கேட்டிருக்கிறார். பட்டியலை மாற்ற வேண்டும் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை. அது, கவலை வேண்டாம், ஒன்று இருப்பில் உள்ளது என்று சொல்லிவிட்டது.

மறுநாள் காலை பஸ் பிடித்து நேரே கடைக்கு வந்துவிட்டார். சத்தம்கூடப் போடவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, உங்க கடையே இருக்குன்னு சொல்லுது, நீங்க இல்லேங்கறீங்க, கூடக் குடுக்கற எந்தப் பெரிய எடத்துக்கு ஒளிச்சு வெச்சிருக்கீங்க சேட், வாத்தியாருக்கு அவ்வளவுதான் மரியாதையா என்றார். முப்பத்தைந்து வருடமாகத் துணி அளக்கிறேன், ஒரு விரல்கடை குறைத்தேன் என்று யாரும் சொன்னதில்லை. ஆத்திரத்தில், ஸ்ரீநாத்ஜி மேல் ஆணை, என்னிடம் அந்தப் புடவை கிடையாது என்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டுத் தூக்கோடு உன் அம்மா அப்போதுதான் படியேறி வந்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்றாள். தெய்வத்த வெச்சுப் பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். கால் மணியில் உன் பனேதரைச் சுற்றி வைத்திருந்த அந்த மஞ்சள் துணி மூட்டையோடு திரும்பி வந்து அவர் முன்னால் பிரித்து வைத்து, எடுத்துக்கோங்க பாய், இதுவும் ஒரு மாமா ஆசையா வாங்குனதுதான் என்றாள். அவர் ஒளித்து வைத்ததாகச் சொன்னது உண்மைதானே.

வீட்டுக்கு வந்து, என்ன காரியம் பண்ணினாய் இலா, கிரீட் இப்போது உயிரோடு இல்லை, இனி எந்த மாமா வந்து வாங்கித் தருவான் என்று கத்தினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே, தோரல் வரமாட்டா, கல்யாணப் பேச்சு எடுத்தா போனை வெச்சிடுவேன்னு சொன்னது உங்களுக்கு ஒரு வருஷத்துல மறந்துபோச்சு, நீங்க மாசா மாசம் அந்தப் பொடவைய வெயில்ல காட்டி மடிச்சு வெக்கறத என்னால இன்னமும் பாத்துக்கிட்டிருக்க முடியாது என்றாள். அதற்கு நாலு நாள் முன்பு உத்தராயணத்துக்கு உன் நினைவாகச் செய்த உந்தியுக் கூட்டும் பக்கத்து வீட்டுக்குத்தான் போயிருந்தது.

உன் மேல் குற்றமில்லை, அந்த உதவியாளர் மேலும் இல்லை, நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அது படித்தது. திருத்துவது ஒரு நிமிட வேலை என்று நீ சொல்வாய். திருத்தினாலும் என்ன பயன், இதேபோல் இல்லாத சரக்குக்கு ஆர்டர் போட்டு ஏமாந்த வேறு இருவர் எழுதிய வசவு கடையின் இணையப் பக்கத்தில் மேலேயே நிற்கிறது, பக்கத்தையே மூடிவிட்டேன், இனி திறக்கும் தெம்பு எனக்கு இல்லை. நீ வருவாய் என்ற நம்பிக்கையும் இல்லை, வா என்று கேட்கவும் இல்லை. பனியில் ஈரக் காலுறையோடு நிற்காதே, காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே. இத்துடன் வெந்தயக்கீரை காக்ரா ரொட்டி இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன், நமுத்துப்போவதற்குள் சாப்பிடு. நூறு வயது நிறைவாக இரு, யார் துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் மனதுக்கு ஒரு குறையும் வராமல் இரு.

ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள். பட்டியலில் அறுபத்தொன்றுக்கு நான் சைபர் போட்டுவிட்டேன். யானைக்கரைப் பனேதருக்கு நேரே மட்டும் ஒன்று அப்படியே இருக்கிறது, என் விரல் அதில் போகமாட்டேன் என்கிறது. கடவுச்சொல் உன்னிடம் இருக்கிறது. அதை நீயே உன் கையால் மாற்றிவிடு, பேட்டா.

உன் பப்பா,
நவீன்சந்திரா