பத்துக்கு நாலு

காக்ஸ் டவுன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அன்னாவுக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே அம்மாவும் தம்பியும் சுகம், நானும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. டப்ளின் குளிரில் நீயும் உன் நோயலும் காதை மூடிக்கொண்டு போகிறீர்களா?

கிறிஸ்மஸுக்கு வரலப்பா என்று நீ போனை வைத்ததிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. வீடு அமைதியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சோறு இறங்கவில்லை. கோயில் இளைஞர் கூட்டத்தில் குடும்பத்துக்கும் காதலுக்கும் மார்க் போடச் சொன்னதில் உன் தம்பி க்ளென் குடும்பத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டுவிட்டான், எஸ்.எஸ்.எல்.சி.யையே இரண்டு தடவை எழுதினவனுக்கு முழு மார்க் என்றதும் தலைகால் புரியாமல் உனக்குச் சொன்னேன். நீயோ, "அவன் தட்டுலயே கை கழுவிட்டுப் போவான், நான் எடுப்பேன், அவன் ஏன் பத்து போடமாட்டான்? நோயலுக்கு வேணா ஒம்பது போடுவேன், நம்ம வீட்டுக்கு நாலுதான்" என்றாய். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். பொண்ணுன்னா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணணும் என்று உளறி, நாலையும் தொலைத்தேன், கிறிஸ்மஸையும் தொலைத்தேன்.

இப்போது கூத்தைக் கேள். காதலுக்கு உன் தம்பி போட்டது சைபர். ஏனென்று அம்மா நேற்றுதான் அவன் வாயைப் பிடுங்கினாள். அவன் பின்னால் சுற்றிக்கொண்டிருந்த வீணா வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள், நம் துரை தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்திருக்கிறார். உங்க வீட்ல இத யாரு எடுப்பாங்க என்று அவள் கேட்க, இந்த அறிவாளி, "அக்கா எடுப்பா, அவ போனப்புறம் அம்மா" என்றானாம். "பேடப்பா, நீ வேணாம், அம்மாவோடயே இரு" என்று அனுப்பிவிட்டாள். அம்மாவுக்கு அவள்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். "நல்ல பொண்ணு, தப்பிச்சா" என்றாள், என்னைப் பார்த்து. நான் அப்போது கை கழுவ என் தட்டில் செம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்மஸ் பிரியாணி இந்த வருஷம் நானும் க்ளெனும். பாத்திரமும் நாங்களே. அம்மா நாற்காலியில், நீ அவள் பக்கத்தில். கல்யாணம் எப்போது என்று நான் கேட்கமாட்டேன், பிரிஜெட் அத்தை கேட்டால் அவள் வாயில் கேக்கை வைத்துவிடுகிறேன். பிரியாணி கட்டாயம் குழைந்துபோகும். குறை சொல்லவாவது வா அம்மா.

ஆண்டவர் உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும். டிக்கெட் போட்டால் அம்மாவிடம் மட்டும் சொல், என்னிடம் சொன்னால் சந்தோஷத்தில் மறுபடி ஏதாவது உளறிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வின்சென்ட்