கரையில் ஆளுக்கொரு வழி

டாக்குரியா, கல்கத்தா
18.10.2002

அன்புள்ள சரிதா அப்பாவுக்கு,

விஜயதசமி நமஸ்காரம். இங்கே துர்கையைக் கங்கையில் விட்டாகிவிட்டது. தெருவில் எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் இனிப்போடு போய் வருகிறார்கள். சந்தேஷ் திருச்சி வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும் என்பதால் உங்களுக்குக் கடிதம் மட்டும். போனில் பேசலாம்தான். மூன்றாவது நிமிடத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

சரிதா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கப்பல் புத்தகம் உங்களுக்கும் வந்திருக்கும். ஜனவரியில் நம் இருவருக்கும் ஒரே அறை போட்டிருக்கிறாள். ரிட்டயரானதும் நீங்கள் ஊரோடு போனீர்கள், நான் இங்கேயே இருந்துவிட்டேன், ஆறு வருஷம் ஓடிவிட்டது. ஒரு வாரக் கப்பலில் அதைச் சரிசெய்துவிடலாம் என்று நம் பெண் நினைக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

கப்பல் நிற்கிற ஊர்களில் இறங்கிப் பார்ப்பதற்கு என்னென்ன உண்டு என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. எது வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி இடம் பிடிக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டு அண்ணி, நம் ஷிப்ரா பௌதி, மத்தியானங்களில் வந்து எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். ஆங்கிலத்திலிருந்து அவள் வங்காளிக்கு வந்து, அங்கிருந்து என் தமிழுக்கு வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு தீவும் கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது. புக்கெட் பக்கத்தில் கடலுக்கு நடுவே பாறைகள் நெட்டுக்குத்தாக நிற்கின்றனவாம். அவற்றின் வயிற்றுக்குள் படகு போகுமாம். உள்ளே போனால் மேலே வட்டமாக வானம் தெரியுமாம். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். விழித்தபோது ஸ்டேஷனில் லோக்கல் வண்டி வந்து நின்றது. அது கப்பல்தான் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"மங்க்கி கேப் மறக்காதே மகேஷ், கடல் காத்து தலையில ஏறிடும்" என்று பௌதி தினமும் என்னிடம் சொல்கிறாள்.

உங்களுக்கு எதைப் பார்க்க ஆசை? எழுதுங்கள்.

மகேஸ்வரி

*

திருவெறும்பூர்
14.11.2002

அன்புள்ள மகேசுக்கு,

நலமே. மழை நல்ல மழை. பதில் தாமதமானதற்குக் காரணம், வெறும் பதிலாக எழுதாமல் திட்டத்தையே போட்டு முடித்துவிட்டேன். ஊருக்கெல்லாம் ரயில் டைம்டேபிள் போட்டவனுக்கு மூன்று துறைமுகம் ஒரு வேலையா?

போர்ட் கிளாங்கில் இறங்கி இருவரும் பத்துமலை முருகனைப் பார்க்கிறோம். பினாங்கில் தண்ணீர்மலை முருகன். நம் ஆபீஸ் சுந்தரத்தின் தம்பி அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டில் பிரேக் ஜர்னி செய்து தங்கிவிட்டு, கப்பல் புக்கெட் போய்த் திரும்பும்போது ஏறிக்கொள்ளலாம். சிங்கப்பூர் வரை டிக்கெட் இருக்கும்போது நடுவில் இறங்கினால் யார் கேட்கப் போகிறார்கள்? புக்கெட்டில் நமக்குப் பார்க்க ஒன்றுமில்லை. பாறைக்குள் படகெல்லாம் உனக்கு வேண்டாம், தலை சுற்றும்.

முடிந்ததும் சிங்கப்பூரிலிருந்து சென்னை. அங்கிருந்து திருச்சிக்கு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் இரண்டு பெர்த் போட்டுவிட்டேன். பொங்கலை நம் வீட்டில் வைக்கலாம். மற்றதை அப்புறம் பேசிக்கொள்வோம்.

மருதமுத்து

*

டாக்குரியா
22.11.2002

அன்புள்ள சரிதா அப்பாவுக்கு,

உங்கள் பிரேக் ஜர்னியைச் சரிதாவிடம் போனில் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "அம்மா, அது கப்பல், பாசஞ்சர் வண்டி இல்ல. சாயங்காலம் வந்து ஏறலைன்னா விட்டுட்டுப் போயிட்டே இருப்பான்" என்றாள். திரும்பும்போது கப்பல் பினாங்கில் நிற்பதே இல்லையாம். சுந்தரம் தம்பி கடை வாசலில் நீங்கள் பெட்டியும் கையுமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்து நானும் சிரித்தேன்.

ராக்ஃபோர்ட் பெர்த்துக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? பொங்கலுக்கு வந்தால் மாசி வரை இரு என்பீர்கள். மாசியில் கல்கத்தா வீட்டைக் காலிசெய் என்பீர்கள். நான் பிறந்தது இந்த ஊரில். என் முறுக்குக்குக் கரியாஹாட்டில் இரண்டு கடை காத்திருக்கிறது. காலையில் லேக்கில் பனி விலகுவதற்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால்தான் எனக்கு அன்றைய நாள் ஆரம்பிக்கும். இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

ஒன்று செய்வோம். கப்பல் ஒன்று, அறை ஒன்று, இருக்கட்டும். கரையில் இறங்கினால் நீங்கள் உங்கள் வழி, நான் என் வழி. அவரவருக்கு வேண்டியதை அவரவர் பதிந்துகொள்வோம். இதற்குச் சம்மதமென்றால் வருகிறேன். இல்லையென்றால் என் சீட்டை வேண்டாம் என்று சரிதாவிடம் சொல்லிவிடுகிறேன்.

மகேஸ்வரி

*

திருவெறும்பூர்
29.11.2002

மகேசுக்கு,

ஒன்றாகப் போய் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பதற்கு ஒரே கப்பல் எதற்கு? உன்னைக் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன், அதை மறைக்கவில்லை. இங்கே பால்காரர் முதற்கொண்டு "உங்க வீட்டம்மா எப்ப சார் வர்றாங்க" என்று கேட்கிறார்கள். வீடு பெரிதாக இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் இன்னும் பெரிதாக இருக்கிறது.

மருதமுத்து

*

டாக்குரியா
6.12.2002

அன்புள்ள சரிதா அப்பாவுக்கு,

கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு முறுக்கு பிழியவில்லை. கோபமாக எழுதிவிட்டேனோ என்றுகூட இருந்தது. ஆனாலும் நான் கேட்டதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

ரயில்வே பாஸில் நாம் போகாத ஊர் கிடையாது. நீங்கள் சொன்ன வண்டி, நீங்கள் சொன்ன கோயில், பின்னாலேயே நான். வீடு திரும்பினால் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. இருவரும் பார்த்தது ஒன்றேதானே. நீங்கள் ஊருக்குப் போன பிறகுதான் உங்களிடமிருந்து எனக்குக் கதை வர ஆரம்பித்தது. ஆவணியில் எழுதியிருந்தீர்கள், கிணற்றுக் கட்டில் ஒரு கொக்கு வந்து நின்றது, அதைக் கலைக்க மனமில்லாமல் குளிக்காமலே இருந்துவிட்டேன் என்று. அதைப் பௌதிக்கு வங்காளியில் சொன்னேன். அவளும் ரசித்தாள். இங்கே இருந்த காலத்தில் நீங்கள் கொக்குக்காகக் காத்திருக்கிற மனிதர் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். பகலில் ஆளுக்கொரு இடம் பார்ப்போம். கப்பல் கிளம்பியதும் மேல்தளத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்வோம். கரை விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போகும். சுற்றிலும் தண்ணீராக இருக்கும். நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஏறாத மலையில் ஏறிக்கொண்டிருப்பேன். தினமும் மத்தியானம் கண்ணை மூடினால் எனக்கு இதுதான் தெரிகிறது.

மகேஸ்வரி

*

திருவெறும்பூர்
15.12.2002

அன்புள்ள மகேசுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு சரிதாவைப் போனில் கூப்பிட்டு, நீ அவளிடம் கேட்டிருந்ததை உனக்கும் என்னுடையதை எனக்கும் பதியச் சொன்னேன்.

போர்ட் கிளாங்கில் உனக்குக் கோலாலம்பூர் கடைத்தெரு, எனக்குப் பத்துமலை. பினாங்கில் உனக்குக் கொடிமலை ரயில், எனக்குத் தண்ணீர்மலை. ரயிலை உனக்குக் கொடுத்துவிட்டு நான் மலையேறுவது இதுதான் முதல் தடவை. புக்கெட்டில் உனக்குப் பாறைக்குள் போகும் படகு. தலை சுற்றினால் மாத்திரை போட்டுக்கொள்.

புக்கெட்டில் எனக்கென்று ஒன்று தேடினேன். புத்தகத்தைப் பலமுறை புரட்டிவிட்டேன். உனக்கு என்ன வேண்டும் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, தனக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை. கடைசியில் எதையும் பதியவில்லை. கரையில் இறங்கி மணலில் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

ராக்ஃபோர்ட்டில் ஒரு பெர்த்தை ரத்து செய்துவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து நீ நேரே கல்கத்தா திரும்ப டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இனி "வா" என்று எழுத மாட்டேன். வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் நீ எழுதிய அந்த மேல்தளம் எனக்கும் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

மருதமுத்து

*

டாக்குரியா
22.12.2002

அன்புள்ள சரிதா அப்பாவுக்கு,

டிக்கெட் விவரம் சரிதா சொன்னாள். பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். திருச்சிக்கு வரவில்லை என்பதில் மாற்றமில்லை, கல்கத்தாவுக்குத்தான் திரும்புகிறேன். அதை மனதார ஒப்புக்கொண்டீர்களே, அதற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஒரே ஒரு திருத்தம். புக்கெட் படகு மத்தியானமே திரும்பிவிடுமாம், கப்பல் கிளம்ப இருட்டிவிடுமாம். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதை மட்டும் ராத்திரி எனக்குக் கதையாகச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் கொஞ்சம் இடம் வைத்திருங்கள், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
மகேசு